ஒரு வண்டிக்கு இரண்டு எர்த்து

"அக்கா உண்டா?"

கொட்டாரம் ஊரில் கார் ஆடியோ கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிவிட்ட அனில்குமாருக்கு இந்த இரண்டு சொல்லைக் கேட்டால் போதும், அடிவயிற்றில் தீ பற்றிக்கொள்ளும். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஒவ்வொருத்தனும் முதலில் கேட்பது இதைத்தான். எதிரே ஆறடிக்கு ஒரு மனிதன், கடைக்கு முதலாளி, கையில் ஸ்பானரோடு நிற்கிறானே, அவன் கண்ணுக்குத் தெரிய மாட்டானாம். அக்கா வேண்டுமாம், அக்கா.

அக்கா என்பது அவன் பெண்டாட்டி அஸ்வதி. தோவாளையில் பூ வியாபாரம் செய்கிற வீட்டுப் பெண். படித்தது பி.ஏ. வரலாறு. நாலு வருடத்துக்கு முன்னால் கடை வேலையாள் விசா கிடைத்து மஸ்கட்டுக்குப் போனபோது, "ஆள் கிடைக்கது வரைக்கும் நான் வந்து ஒயர் பிடிக்கேன்" என்று வந்தவள். ஆள் கிடைக்கவே இல்லை, அவள் போகவும் இல்லை. முதலில் ஒயர் பிடித்தாள். பிறகு ஒயர் முனையில் வளையம் வைத்து நசுக்கினாள். பிறகு சீட்டைக் கழற்றினாள். இப்போது வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து, "இத இஞ்ச வைக்கப்பிடாது, சூடு தாங்காது" என்று அவனுக்கே சொல்கிறாள். அதுவும் சரியாகச் சொல்கிறாள். தப்பாகச் சொன்னாலாவது ஒரு ஆறுதல் இருக்கும்.

அந்தக் கடைக்குப் பேர் வந்தது நாலைந்து ஆம்ப்ளிஃபயர் வைக்கிற வேலையில்தான். ஆம்ப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சாதாரணக் காருக்கு ஒன்று போதும். சுற்றுலா வேன்காரர்களுக்குப் போதாது. முன் ஸ்பீக்கருக்கு ஒன்று, பின் ஸ்பீக்கருக்கு ஒன்று, சீட்டுக்கு அடியில் இருந்துகொண்டு நெஞ்சில் இடிக்கிற பெட்டிக்கு ஒன்று என்று அடுக்குவார்கள். ஒரு ஆம்ப்பை எவனும் வைத்துவிடுவான். மூன்று, நாலு என்று போகும்போதுதான் ஆளின் தரம் தெரியும். பாட்டரியிலிருந்து வருகிற ஒயர் எத்தனை கிளையாகப் பிரிந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஆம்ப்புகளின் நெகட்டிவ் ஒயர்கள் எல்லாம் வண்டியின் இரும்பு உடம்பில் ஒரே இடத்தில், ஒரே போல்ட்டில் வந்து சேர வேண்டும். அதற்குத்தான் எர்த்து என்று பெயர். ஆளுக்கொரு இடத்தில் எர்த்து குத்தினால், எஞ்சின் ஓடும்போது ஸ்பீக்கரில் ஒரு சீழ்க்கை கிளம்பும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் கீச்சென்று மேலே ஏறும்.

இந்தப் பாடத்தை அஸ்வதிக்குச் சொல்லிக் கொடுத்தவனே அனில்குமார்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான், வேறென்ன.

"அனிலுக்கு அவனுக்க பெண்டாட்டிமேல குசும்பு" என்று பக்கத்து டீக்கடை முத்துக்கனி ஒருநாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டாள். வடக்கே போனால் குசும்பு என்பது வெறும் சேட்டை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். இந்த மாவட்டத்தில் அதற்கு அர்த்தம் பொறாமை. மலையாளம் பக்கத்தில் இருப்பதால் வந்த வினை. அனில்குமார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான். முத்துக்கனி சொன்னது பொய் என்றால் மீதி டீயையும் குடித்துவிட்டல்லவா போயிருப்பான்?

பொய் இல்லை. இன்னொரு ஆண்பிள்ளை எதிரே கடை போட்டிருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. நாலு வார்த்தை திட்டலாம், அவன் வேலையில் குறை சொல்லலாம், ராத்திரி வீட்டுக்குப் போய் மறந்துவிடலாம். இது வீட்டுக்கும் கூடவே வருகிறது. சோறு போடுகிறது. "இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டா?" என்று கேட்கிறது.

எல்லாவற்றையும்விட அவனுக்குப் பொறுக்க முடியாதது அவளுடைய காது. காரணம் இருக்கிறது, அது யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருடம் ஸ்பீக்கர் பெட்டிக்குள் தலையை விட்டவனின் காது என்ன கதியாகும்? இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கடையில் யாரும் இல்லாதபோது, போனில் காது சோதிக்கிற ஆப் ஒன்றை இறக்கிப் பார்த்தான். தாழ்ந்த ஒலியில் தொடங்கி மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், கேட்கிற வரைக்கும் விரலை வைத்திருக்க வேண்டும். திரையில் ஏறுகிற கோடு பாதிகூடத் தாண்டவில்லை, அவனுக்கு எல்லாம் அடங்கிவிட்டது. போன் ரிப்பேர் என்றுதான் முதலில் நினைத்தான். வேறு போனில் பார்த்தான். பிறகு இரண்டிலிருந்தும் அதை அழித்துவிட்டான். பேச்சு கேட்கிறது, பாட்டு கேட்கிறது, இடி கேட்கிறது. அந்தக் கீச்சு மட்டும் கேட்காது. ஆனால் ஒரு வேலை சுத்தமா இல்லையா என்று சொல்வதே அந்தக் கீச்சுதானே! சமையல்காரனுக்கு உப்பு தெரியாமல் போன மாதிரி ஆயிற்று.

அன்றிலிருந்து வேலை முடிந்தால் அஸ்வதியை வண்டியில் உட்காரவைத்து, "என்னட்டி, கேக்கா?" என்று அதட்டுவான், ஏதோ பிள்ளைக்குப் பரீட்சை வைக்கிற வாத்தியார் மாதிரி. "லேசா இருக்கு" என்பாள். "ம், எனக்கும் கேட்டுது" என்பான். எழுநூற்று முப்பது நாள் இந்த நாடகம் நடந்திருக்கிறது.

இப்படி இருக்கையில்தான் கடியப்பட்டணத்து ததேயுஸ் தன் புது வேனைக் கொண்டுவந்தார். மூன்று வேன் வைத்திருப்பவர். அந்தப் பக்கத்து வேன்காரர்கள் அவர் கைகாட்டிய கடைக்குத்தான் போவார்கள். மூன்று ஆம்ப் வைக்கச் சொன்னார். அஸ்வதிதான் பின் சீட்டுக்கு அடியில் இடம் பார்த்து, பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்ததும் ஒரு போல்ட்டை இறுக்கி, மூன்று எர்த்தையும் அதில் கொண்டுவந்து சேர்த்தாள். இறுக்கிய நட்டின்மேல் அவளுடைய சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டும் வைத்தாள். நட்டு தளர்ந்தால் பொட்டு வெடித்துக் காட்டிக்கொடுக்கும். அதையும் அவளே கண்டுபிடித்தாள், சவம்.

ததேயுஸ் உட்கார்ந்து ஒரு முழுப் பாட்டைக் கேட்டார். "கொள்ளாம் பிள்ள, கொள்ளாம்!" என்று மெச்சினார். மறுநாள் காலையில் ஒரு நெய்மீன், மூன்று கிலோ இருக்கும், பனி போட்ட பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். கொண்டுவந்து யார் கையில் கொடுத்தார் என்கிறீர்கள்? அஸ்வதி கையில். அனில்குமார் நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பத்தொன்பது வருடத்தில் அவனுக்கு ஒருத்தன் ஒரு சாளை மீன் கொண்டுவந்து கொடுத்ததில்லை.

அன்றைக்கு மீன் குழம்பு. தெருவே மணத்தது. அனில்குமார் தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி மோர் விட்டுச் சாப்பிட்டான். நெய்மீனைப் பார்க்கப் பார்க்க வாய் ஊறியது வேறு விஷயம்.

அடுத்த வாரம் அஸ்வதியின் தங்கை மகளுக்குக் காது குத்து. தோவாளைக்கு இரண்டு நாள் போனாள். அவள் பஸ் ஏறின அன்றைக்கே ததேயுஸ் போன் செய்தார். வேளாங்கண்ணிக்குச் சவாரி வந்திருக்கிறது, வழியெல்லாம் மைக்கில் ஜெபமாலை சொல்வார்கள், பின்னால் இருக்கிறவர்களுக்கும் தெளிவாகக் கேட்க மேல்கூரையில் சின்ன ஸ்பீக்கர் வேண்டும், அதற்கு நாலாவதாக ஒரு ஆம்ப் வேண்டும்.

"அக்கா உண்டா?" என்றார் கடைசியில்.

"அக்கா இல்ல. நான் உண்டு" என்றான் அனில்குமார். "வண்டிய விடுங்க அண்ணாச்சி."

அன்றைக்கு அவன் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும். புது மாப்பிள்ளைக்கு வந்த வேகம். ஒயரை வளைவு வளைவாக ஒதுக்கி, இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு கட்டுப் போட்டு, ஸ்பீக்கரைச் சொருகி, ஆம்ப்பைப் பொருத்தி, எல்லாம் முடித்து எர்த்துக்கு வந்தான். பின் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தான். அஸ்வதியின் போல்ட் இருந்தது. நாலாவது ஒன்றும் வரலாம் என்று நீளமான போல்ட்டாகப் பார்த்துப் போட்டிருந்தாள். அதன் நட்டில் சிவப்புப் பொட்டு.

அனில்குமார் அதையே பார்த்துக்கொண்டு குப்புறக் கிடந்தான். இதைத் திறந்து, என் ஒயரை இதில் சேர்த்து, திரும்பப் பூட்ட வேண்டும். நாளைக்கு இதுவும் அக்கா போட்ட எர்த்துதான் என்று ஆகிவிடும். அவள் வெட்டின கிணற்றில் போய் நான் தண்ணீர் கோருவேனா? நான் தொழில் படிக்கும்போது இவள் பாவாடை கட்டிக்கொண்டு பூ கட்டிக்கொண்டிருந்தவள் அல்லவா? ஒரே இடத்தில் சேர வேண்டும் என்பது சட்டம்தான். ஆனால் சட்டத்தைச் சொன்னவனே நான்தானே. சில வண்டியில் தனி எர்த்து குத்தினாலும் ஒன்றும் ஆகாது.

சீட்டுக் கால் இறங்குகிற போல்ட் ஒரு முழம் தள்ளி இருந்தது. பெயின்ட்டைச் சுரண்டினான், இறுக்கினான். நாலாவது ஆம்ப் தனிக்குடித்தனம் போயிற்று.

எஞ்சினைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். காதைக் கூரையோடு ஒட்டவைத்தான். ஒரு சத்தமும் இல்லை, சுத்தம். அவன் காதுக்குச் சுத்தம். தனக்குக் கேட்காது என்பது அவனுக்குத் தெரியும்தான், ஆனால் அந்த நேரத்தில் அதை நினைக்க அவனுக்கு இஷ்டம் இல்லை. ததேயுஸ் அவசரமாக வந்தார், பாட்டைப் போட்டபடியே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

காது குத்து முடிந்து அஸ்வதி வந்ததும், "நீ இல்லாம நாலாவதையும் வச்சாச்சி" என்றான்.

"எர்த்து?" என்றாள் அவள்.

"எனக்குப் படிப்பிக்க வேண்டாம்" என்றான். அவள் மல்லிகைப் பூவைத் தண்ணீர் தெளித்து வைக்கப் போய்விட்டாள்.

நாலாம் நாள் காலையில் வேன் வந்து கடை முன்னால் நின்றது. ததேயுஸ் இறங்கிய வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"லேய் மக்கா, எனக்க வண்டியில கொசு வளக்கியா?" என்றார். "போனது பதினேழு பொம்பளைங்க. அருள் நிறைந்த மரியேன்னு தொடங்கினா மேல ஒரு கொசு பாடுகு. வண்டி வேகம் போனா கொசுவும் வேகம் போகு. மதுரை தாண்டுகதுக்குள்ள பாதிப் பேரு ஜெபத்த விட்டுட்டுக் கொசுவத் தேடுகாளுவ. ஒருத்தி எனக்க தலைக்குமேல மருந்து அடிச்சா!"

"அது எஞ்சின் சத்தமாட்டு இருக்கும் அண்ணாச்சி."

"எனக்க எஞ்சினுக்க சத்தம் எனக்குத் தெரியாதா? இன்னைக்கு இது போகணும். போகல்லன்னா நானும் வரமாட்டேன், எனக்க ஆளுங்க ஒருத்தனும் இந்த வழி திரும்பமாட்டான். ஆம், சொல்லியாச்சி." பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா உண்டா?" என்றார்.

அஸ்வதி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வேனில் ஏறி எஞ்சினைப் போட்டாள். ஆக்சிலேட்டரை ஒரு மிதி. உடனே முகம் சுளித்தாள். ஒரு மிதிக்கு, ஒரே ஒரு மிதிக்கு! அனில்குமாருக்கு அவள் காதைப் பிடித்துத் திருகலாமா என்றிருந்தது. அவள் எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் போய், சீட்டுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்தாள். தன்னுடைய போல்ட்டைப் பார்த்தாள். ஒரு முழம் தள்ளி அவனுடைய போல்ட்டைப் பார்த்தாள். அங்கிருந்தே தலையைத் திருப்பி அவனையும் பார்த்தாள்.

இப்போது சொல்லப்போகிறாள் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். முத்துக்கனிகூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். சொல்லட்டும், ஊரே கேட்கட்டும், ஒரு உறையில் இரண்டு கத்தி இருந்தால் ஒருநாள் இப்படித்தான் ஆகும்.

"அண்ணாச்சி, இது எனக்க பிழை" என்றாள் அஸ்வதி. "ஒரு வண்டிக்கு ரெண்டு எர்த்து ஆயிப்போச்சி, அதான் கீச்சு. இவிய கேட்டப்ப, தோவாளையில இருந்து போன்ல நான்தான் இப்பிடிக் குத்தச் சொன்னேன். இவிய மேல ஒண்ணும் இல்ல."

பச்சைப் பொய். போனும் இல்லை, ஒன்றும் இல்லை. அனில்குமாருக்கு ஒரு நிமிடம் உயிர் திரும்பி வந்தது. அதோடு விட்டிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். ஆனால் ததேயுஸ் சும்மா இருப்பாரா?

"பாத்தியா!" என்றார் அவர், கோபமெல்லாம் இறங்கி. "தப்பு செய்தாலும் நெஞ்சில கைய வச்சு நான்தான்னு சொல்லுகா பாரு. ஆம்பிளைக்கு வருமா இந்தக் குணம்? இதுக்குத்தான் பிள்ள நாங்க எல்லாரும் உன்னத் தேடி வாறோம்."

போச்சு. எல்லாம் போச்சு. நெய்மீனும் அவளுக்கு, கொள்ளாமும் அவளுக்கு, இப்போது அவன் செய்த தப்பையும் அவளே எடுத்துக்கொண்டு அதற்கும் பேர் வாங்கிவிட்டாள். இந்தக் கடையில் அவனுக்கு என்று இனி மிச்சம் இருந்தது அந்த ஒரு தப்புதான். அதையும் விடுவதா?

"அது எனக்க தப்பு!" என்று கத்தினான் அனில்குமார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இவ பொய் சொல்லுகா. போன்ல பேசவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அந்த எர்த்து நான் குத்தினது. இவளுக்க போல்ட்டு பக்கத்துலயே இருந்துது, எனக்கு அதுல குத்த மனசு வரல்ல. என் சொந்தத் தப்பு. இவளுக்கு அதுல பங்கே கிடையாது."

"பொறவு டெஸ்ட்டு பாக்காமலா எனக்க வண்டியத் தந்த?" என்றார் ததேயுஸ்.

"பாத்தேன். எனக்குக் கேக்கல்ல." தொடங்கியாகிவிட்டது, நிறுத்த முடியவில்லை. "எனக்கு அந்தச் சத்தம் கேக்காது அண்ணாச்சி. ரெண்டு வருசமா கேக்காது. இவ கேட்டுச் சொல்லுவா, நான் கேட்டது மாதிரி நிப்பேன்."

முத்துக்கனி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அஸ்வதி சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு வருசமா?" என்றாள். "எனக்கும் கேட்டுது, எனக்கும் கேட்டுதுன்னு சொன்னியளே, அதெல்லாம்? டாக்டர்ட்ட போனியளா? எங்கிட்ட சொன்னா நான் என்ன, மைக்கு வச்சா ஊருக்குச் சொல்லப்போறேன்?"

"உங்கிட்டயா? உங்கிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?" என்றான் அவன். "உனக்குத்தான் எல்லாம் கேக்கே!"

அவள் ஸ்பானரை எடுத்து அவன் கையில் வைத்தாள், டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து எஞ்சினைப் போட்டாள். ததேயுஸ் வேன் வாசல் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அனில்குமார் பின் சீட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்தான். தன் ஒயரைச் சீட்டுப் போல்ட்டிலிருந்து கழற்றினான். அவளுடைய நட்டில் ஸ்பானரை மாட்டித் திருப்பினான், நகப்பூச்சுப் பொட்டு இரண்டாக விண்டு நெஞ்சில் உதிர்ந்தது. மூன்று வளையத்துக்குமேல் தன்னுடையதையும் வைத்து, நட்டைப் போட்டு, கை நரம்பு புடைக்க இறுக்கினான். எஞ்சின் உறுமியது. அவள் ஆக்சிலேட்டரை மிதிப்பது தரையில் அதிர்ந்து அவன் முதுகுக்குத் தெரிந்தது.

"போச்சா?" என்று கேட்டான். தன் வேலையைப் பற்றி இன்னொருத்தரிடம் நிஜமாகவே கேட்டது பத்தொன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பதில் இல்லை. கோபத்தில் இருக்கிறாள், இருக்கட்டும்.

"ஏட்டி, போச்சா?"

பதில் இல்லை. வேண்டுமென்றே செய்கிறாள். ததேயுஸ் முன்னால் அவனைக் கெஞ்ச வைக்கிறாள். கெஞ்சத்தான் வேண்டும் என்றால் கெஞ்சுகிறேன்.

"அஸ்வதி, போச்சான்னு சொல்லிரு பிள்ள."

அப்போது ததேயுஸ் உள்ளே ஏறி வந்து அவன் காலைத் தட்டினார். அவர் குரலில் கிண்டல் எதுவும் இல்லை.

"மக்கா," என்றார் பலமாக. "அவ மூணு மட்டம் சொல்லியாச்சி."

மூன்று தடவை! அனில்குமார் ஸ்பானரைப் பிடித்தபடி அப்படியே கிடந்தான். அவளிடமிருந்து அவனுக்கு எட்டடி தூரம்தான். நாலு வருடமாக எரிந்துகொண்டிருந்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவனுக்குப் பயமாக இருந்தது, வேறு ஒன்றும் இல்லை.

எஞ்சின் நின்றது. அஸ்வதி இறங்கிப் பின்பக்கம் வந்தாள். தரையில் முட்டி போட்டு, சீட்டுக்கு அடியில் குனிந்து, அவன் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"போச்சி" என்றாள்.

"இன்னொரு மட்டம் சொல்லு" என்றான் அவன்.

அவள் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து, சத்தமாக, இன்னொரு மட்டம் சொன்னாள்.